சுண்ணாம்புக் கட்டுச் சுவருக்கு மறு பாயிண்டிங்: சதுர அடிக்கு என்ன ரேட்?

வணக்கம். கும்பகோணம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய மாடி வீடு. பூச்சு இல்லாத செங்கல் வெளிச்சுவர் 600 சதுர அடி. செங்கல்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில் பழைய காரையை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும் (மறு பாயிண்டிங்). ரேட் சொல்பவர்கள் சாரம், பழைய காரையைக் குடைந்தெடுப்பது, நீராற்றுவது எல்லாம் சேர்த்தா, தனியா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

செங்கல் முகம் 9க்கு 3 அங்குலம் என்றால் சதுர அடிக்குச் சுமார் 5⅓ ரன்னிங் அடி இணைப்பு வருகிறது, மொத்தம் 3,200. 10 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழத்துக்குக் கலவை ஏழே கன அடிதான், சேதாரம் தனி. ஆகவே செலவு பெரும்பாலும் கூலிதான். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நாளைக்கு எத்தனை சதுர அடி முடிப்பார்கள்?

தயவுசெய்து சிமெண்டைச் சொல்லாதீர்கள். முன்பு அடித்த 1:3 சிமெண்ட் கல்லாட்டம் நிற்கிறது. ஒட்டியுள்ள செங்கல்தான் பொரிந்து, நகம் பட்டாலே சிவப்பு மாவாகக் கொட்டுகிறது. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வந்து, உப்பு பூத்து முகத்தை உடைக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு 1, சலித்த மணல் 3 என்று நினைத்திருக்கிறேன்.

கிரைண்டர் செங்கல் ஓரத்தை வெட்டிவிடும், குறிப்பாகக் குத்து (செங்குத்து) இணைப்புகளில். உளியால் மட்டுமே குடையும் ஆட்கள் தஞ்சை, குடந்தை பக்கம் இருக்கிறார்களா? முதலில் 10 சதுர அடி மாதிரி செய்து காட்டச் சம்மதிப்பவர்களாக இருந்தால் நல்லது.