புடாபெஸ்ட் பழைய புத்தகக் கடைகளில் எங்கு பார்த்தாலும் ‘ரேவாய்’: யார் இவர்கள்?

பிரபா:
வேலை விஷயமாக ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட் வந்திருக்கிறேன். மூசெயும் கோருட் சாலையில் பழைய புத்தகக் கடைகள் நிறைய. தங்க எழுத்து மின்னும் தடித்தடி தொகுதிகள், பலவற்றில் ‘ரேவாய் சகோதரர்கள்’ என்ற பெயர். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் வாங்கினார்கள்?

பரணி:
வேறு யார், பிரபுக்கள்தான். அலமாரிக்கு அழகு!

தூனாக்கரை:
அழகு சரி பரணி, ஆனால் பிரபுக்களை மட்டும் நம்பியிருந்தால் கடையை என்றைக்கோ மூடியிருப்பார்கள். ரேவாய் வளர்ந்தது தவணையில். ஏஜென்ட் ஊர் ஊராகப் போய் வாத்தியார், வக்கீல், குமாஸ்தா என்று ஆளைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். அப்புறம் தொகுதி ஒவ்வொன்றாக வரும்.

1869இல் அப்பா ஷாமுவேல் தொடங்கியது புத்தகக் கடைதான். 1880இல் அது ‘ரேவாய் சகோதரர்கள்’ ஆனது. மூளை, மகன் மோர் யானோஷ். நாவலாசிரியர் யோகாய் மோர் எழுத வந்து 50 ஆண்டு ஆனதை 1894இல் நாடே கொண்டாடியது. அதையொட்டி அவர் எழுத்தை 100 தொகுதிகளாகப் போட்டு 1898இல் முடித்தார்கள். யோகாய்க்குக் கிடைத்தது 1 லட்சம் ஃபோரின்ட் (அன்றைய ஹங்கேரி நாணயம்). ராயல்டிக்காகக் காத்திருக்கும் நம் எழுத்தாளர்கள் கண்ணில் இது படாமல் இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய கலைக்களஞ்சியம். 1911இல் முதல் தொகுதி. நடுவில் உலகப் போர், 1920இல் த்ரியானோன் சமாதான ஒப்பந்தம், ஹங்கேரியின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் போயிற்று. முதல் தொகுதியில் ‘அராத்’ ஹங்கேரி நகரம். ‘தெமெஷ்வார்’ வரும் தொகுதி அச்சாவதற்குள் இரண்டு ஊருமே ருமேனியாவில்! ஆனாலும் நிறுத்தவில்லை. 1926இல் 19ஆம் தொகுதி, மேலும் இரண்டு இணைப்புத் தொகுதிகள், கடைசியானது 1935இல். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் அரசுடைமை, கதை முடிந்தது.

பிரபா:
அருமை சார். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்?

தூனாக்கரை:
கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி. ஹங்கேரியன் தெரியாவிட்டாலும் வரைபடங்களும் வண்ணத் தாள்களும் இருக்கின்றன. ஆனால் பதிப்பாண்டைப் பார்த்து வாங்குங்கள். 1989க்குப் பிறகு அச்சு அசலாக மறுபதிப்பு வந்திருக்கிறது. அதைப் பழசு என்று தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.