சிங்கப்பூரில் ரெண்டு வயசுப் பிள்ளையோடு வாடகை வீடு: எந்த ஏரியா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்காங்வாசி:

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள், "சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வருகிறோம், பையனுக்கு ரெண்டு வயசு, எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலிக்கிறது. எங்கள் கதையை இங்கே மொத்தமாகப் போட்டுவிடுகிறேன், மற்றவர்களும் உங்களுடையதைச் சேருங்கள். என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஊரில் வீடு தேடும்போது "அந்தப் பக்கம் எப்படி, ராத்திரி பயமில்லாமல் நடக்கலாமா" என்று விசாரிப்போம் இல்லையா, அந்தக் கேள்விக்கு இங்கே பெரிதாக வேலை இல்லை. உட்லண்ட்ஸோ பிடோக்கோ, எங்கே போனாலும் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி விளையாட்டுத் திடல், காப்பிக்கடை, கிளினிக், பேருந்து நிறுத்தம் எல்லாம் இருக்கும். கேட்க வேண்டியது வேறு: காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது யார், எங்கே, அங்கிருந்து ஆபீசுக்கு எத்தனை வண்டி மாற வேண்டும்?

நாங்கள் ரெண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு ராஃபிள்ஸ் பிளேஸ், அவருக்கு ஒன்-நார்த். ரெண்டுக்கும் நடுவில் பார்க்கலாம் என்றால் வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. சரி, வீட்டை விட்டுவிட்டு முதலில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தைத் தேடுவோம், இடம் கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு பிடிப்போம் என்று முடிவு செய்தோம். பெரும்பாலான நிலையங்கள் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசு மானியம் உண்டு, நம்மைப் போல எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வந்தவர்களுக்கு அது கிடையாது, முழுக் கட்டணம்தான். பிள்ளைக்கு 18 மாதம் ஆகவில்லை என்றால் இன்ஃபண்ட் கேர், அதில் இடம் கிடைப்பது இன்னும் கஷ்டம், செலவும் கூடுதல். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாலைந்து நிலையங்களுக்குப் போன் செய்து, எந்த மாதம் இடம் காலியாகும் என்று கேட்டுவிடுங்கள்.

பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், இங்கே பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடிவிட முடியாது. ஆசிரியை கையில் ஒரு சின்ன டார்ச்சோடு நிற்பார். நெற்றியில் காய்ச்சல் பார்த்து, "ஆ" காட்டச் சொல்லி வாய்க்குள் வெளிச்சம் அடித்து, உள்ளங்கை ரெண்டையும் திருப்பிப் பார்ப்பார். கை, கால், வாய் நோய் இங்கே பாலர் பள்ளிகளில் அடிக்கடி சுற்றும், அதற்குத்தான் இந்தச் சோதனை. சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் போச்சு, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறை சொல்லவும் முடியாது, மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் மகளின் உதட்டோரம் ஒட்டியிருந்த ஜாமைக்கூட ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார் அந்த அம்மா. எட்டேகால் மணிக்கு இப்படித் திருப்பி அனுப்பினால், வீடு அடுத்த புளோக்கில் இருக்கிறவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், ஆபீசுக்கு ஒரு போனைப் போட்டுவிட்டு, கிளினிக்குக்கு நடந்துவிடலாம். ரெண்டு ரயில் மாறி வந்தவர்கள் அழுகிற பிள்ளையோடு அதே கூட்டத்துக்குள் திரும்பவும் ஏற வேண்டும்.

இப்படித்தான் செங்காங் அமைந்தது. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய புளோக்குகளின் கீழ்த்தளத்திலேயே நிறைய நிலையங்கள் உண்டு, எங்களுடையதும் அப்படி ஒன்றுதான். எனக்கும் அவருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு ரயில் மாற்றம். வடகிழக்குப் பாதை நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போவதால் கீரை, முருங்கைக்காய்க்குக் கவலை இல்லை. வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் பக்கத்திலேயே. நூலகம் பேரங்காடிக்குள்ளேயே இருக்கிறது, தமிழ்ப் படப் புத்தகங்களும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. செங்காங், பொங்கோலில் "ரயிலுக்குப் பக்கம்" என்று ஏஜெண்ட் சொன்னால், பெரிய ரயிலான எம்ஆர்டியா, அதற்குக் கொண்டுபோய் விடுகிற எல்ஆர்டியா என்று கேளுங்கள். எல்ஆர்டி என்பது சின்னப் பெட்டி, காலையில் ஸ்ட்ரோலரோடு நுழைவதே பெரும்பாடு. பேருந்தில் 2017 முதல் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்றலாம், ஆனால் கூட்டம் என்றால் மடக்கத்தான் வேண்டும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வண்டி, தோளில் பை. நடக்கிற தூரத்துக்கு மாதம் கொஞ்சம் கூட வாடகை கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே. (0.9 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவரோடு போனால் பேருந்திலும் ரயிலிலும் கட்டணம் இல்லை. அது ஒரு சின்ன ஆறுதல்.)

ஃபேரர்பார்க் அம்மா:

செங்காங் சகோ சொன்னதில் பாதிதான் எனக்கு ஒத்துவரும். ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு அது சரி. நான் வீட்டில் இருக்கிறேன், பையன் என்னோடு. பகல் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாத ஒரு புதிய ஊரில், எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிற ஒரு புளோக்கில், இருபதாவது மாடியில் ரெண்டு வயசுப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஃபேரர் பார்க்கில் நான் கீழே இறங்கினால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை நடக்கிற தூரம், பெருமாள் கோயில் நடக்கிற தூரம், பூக்கடைக்காரர் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மாமியார் வந்து தங்கும்போது தனியாகவே போய்க் காய்கறி வாங்கி வந்துவிடுகிறார், ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமல்.

இன்னொன்று, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. பையனுக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். அப்படி ஒரு ராத்திரியில் டாக்சி பிடித்த சூட்டில் போய்ச் சேர்ந்தோம். அதற்கப்புறம் வேறு ஏரியா பேச்சே எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். வாடகை கூட, வீடு சின்னது, கட்டடம் பழசு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாரும் கூடுகிற நேரம், அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் அது, பாவம். அந்த நேரத்தில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான்.

தெம்பனிஸ் அப்பா:

ஏரியாவை நாம் தேர்ந்தெடுப்பது போதாது, ஏரியா நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே! சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை என்பதால் தெம்பனிஸ் என்று முடிவு செய்தேன், டவுன்டவுன் பாதையில் மாறாமல் எக்ஸ்போ. பிடித்த வீடு ஒன்று அமைந்து, முன்பணம் வரை பேசிவிட்டு, கடைசியில் அந்த புளோக்கில் கோட்டா நிறைந்துவிட்டது என்றார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுப்பதில் வெளிநாட்டவருக்கு வரம்பு உண்டு, வட்டாரத்துக்கு 8 சதவீதம், ஒரு புளோக்குக்கு 11 சதவீதம். மலேசியர்களுக்கு இது பொருந்தாது. தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கும் (காண்டோ) இல்லை. பார்க்கப் போவதற்கு முன்பே "இந்த புளோக்கில் கோட்டா இருக்கிறதா?" என்று ஏஜெண்டிடம் கேட்டால் அலைச்சல் மிச்சம். உரிமையாளர் குடிமகனா என்றும் கேளுங்கள், நிரந்தரவாசிகள் தங்கள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. வாங்கி ஐந்து வருடமாவது அவர்கள் குடியிருந்திருக்கவும் வேண்டும். அதனால் ஐந்து வருடம் முடிகிற புளோக்குகளில் ஒரே சமயத்தில் நிறைய வீடுகள் சந்தைக்கு வரும், வீடும் புதுசு, பேரம் பேசவும் இடம் இருக்கும். எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது அப்படி ஒன்றுதான்.

இனி சமையல் விஷயம். போனில் என் ஆங்கிலத்தைக் கேட்டதுமே வீட்டுக்காரர் ஒருவர், "இந்தியரா? சமைப்பீர்களா?" என்றார். ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிறது, சமைக்காமல் எப்படி என்றேன். "லேசாகச் சமைக்கலாம், தாளிக்கக் கூடாது" என்று பதில். தாளிக்காத ரசத்தை யார் குடிப்பது? அந்த வீட்டை விட்டுவிட்டோம். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று உள்ளே போய்விட்டு, காலி செய்யும் நாளில் சுவரில் எண்ணெய் வாடை என்று முன்பணத்தில் கை வைக்க விடுவதைவிட, முதலிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிப் பிரிவது மேல். நல்ல உரிமையாளர்களும் இருக்கிறார்கள். இப்போதைய வீட்டுக்காரம்மா தீபாவளிக்கு முறுக்கு எப்போது வரும் என்று கேட்டு மெசேஜ் அனுப்புகிறவர்.

ஏஜெண்ட் என்று வாட்ஸாப்பில் வருகிற எல்லாரும் ஏஜெண்ட் இல்லை. பெயரும் போன் எண்ணும் சிஇஏ (சொத்து ஏஜெண்டுகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஊரிலிருந்தபடியே பணம் அனுப்பாதீர்கள். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ரெண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் 288 வெள்ளி, அது நம் கையிலிருந்து. முன்பணம் வழக்கமாக ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம், ரெண்டு வருடத்துக்கு ரெண்டு மாதம். டிப்ளமேட்டிக் கிளாஸ் (ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்துக்கொள்ள இடம் தருகிற விதி) இல்லாமல் கையெழுத்தே போடாதீர்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் அதுதான் காப்பாற்றும்.

புக்கிட் பாத்தோக் அம்மா:

நான் வீட்டுக்குள்ளே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், ஏரியாவைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

ஜன்னல். விளம்பரப் படத்தில் பளிச்சென்று திறந்த ஜன்னல், வெளியே பச்சை மலை, அழகுதான். நாங்கள் பார்க்கப் போன ஒரு வீட்டில் அந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை, அடியிலேயே சோஃபா. நாங்கள் ஏஜெண்டிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மகன் சோஃபா கைப்பிடியில் ஏறி, ஜன்னல் விளிம்பில் ரெண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவது மாடி. என் கணவர் அவனைத் தூக்கிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று உள்பக்கம் விழுந்தது, அதை எடுத்து மாட்டிவிடக்கூட எனக்குக் கை வரவில்லை, நடுக்கம். கம்பி இல்லாத வீட்டை மறுக்க வேண்டும் என்றில்லை, குடிபோவதற்குள் உரிமையாளர் கம்பி போட்டுத் தர வேண்டும் என்று எல்ஓஐயிலேயே (ஒப்பந்தத்துக்கு முன்னால் கொடுக்கிற விருப்பக் கடிதம்) எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது வேலைக்காகாது. கூட்டுரிமை வீட்டில் நிர்வாகம் ஒப்புக்கொண்ட வடிவில்தான் கம்பி போட முடியும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். மத்தியானம் மூணு, நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குப் பார்த்த அறை அந்த நேரத்தில் அடுப்பாகக் கொதிக்கும், பிள்ளை தூங்குகிற அறை அதுவானால் ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் விட்டுப்போனவையும் இருக்கின்றன. 1990களின் கடைசிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பு அறை ஒன்று இருக்கும். ஸ்ட்ரோலர் வைக்க அருமையான இடம், ஆனால் அந்தக் கதவின் கனத்துக்குப் பிஞ்சு விரல் தாங்காது, பூட்டியே வையுங்கள்.

தாழ்ந்த மாடி நல்லது, லிஃப்ட் வேண்டாம் என்று சிலர் நினைப்பார்கள். புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்தான் சீனர்களின் இறுதிச் சடங்கு நடக்கும், மூணு நாள், ஐந்து நாள்கூட இருக்கும். மலாய்க் கல்யாணமும் அங்கேதான், பாட்டு, விருந்து எல்லாம் உண்டு. இதில் குறைப்பட ஒன்றுமில்லை, அது அவர்கள் ஊர் வழக்கம், கல்யாண வீட்டில் எங்களையும் கூப்பிட்டு பிரியாணி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சத்தத்துக்கு விழித்துக்கொள்கிற பிள்ளை என்றால் மேலே போங்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் காகிதம் எரிக்கிற புகை ரெண்டாவது, மூணாவது மாடிக்கு நேராக வரும், இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது.

கொசு. புளோக் வாசலில் டெங்கிப் பதாகை தொங்குகிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் அந்த வட்டாரத்தில் பத்து பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பதாகை வரும், போகும், அதற்காக ஒரு ஏரியாவையே ஒதுக்க வேண்டாம், குடிபோகிற தேதியைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

அப்புறம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற நோட்டீசுகளைப் படியுங்கள். மேல் வீட்டில் புதுப்பிப்பு வேலை என்றால் அதில் தேதி போட்டிருக்கும். சுவர் இடிப்பது, ஓடு பெயர்ப்பது எல்லாம் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம் என்பது விதி. நல்ல விதிதான், ஆனால் பிள்ளை மதியம் தூங்குகிற நேரமும் அதுதானே.

செங்காங்வாசி:

ஃபேரர் பார்க் அக்கா சொன்னது உண்மை, வீட்டில் இருக்கிறவர்களின் பகல் பொழுதை நான் யோசிக்கவில்லை. யார் வீட்டில் இருக்கப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் ஏரியா.

தனியாக ஒருவர் கேட்டிருந்தார், "நான் முன்னால் வந்து, குடும்பம் ரெண்டு மாதம் கழித்து வரலாமா?" என்று. தாராளமாக. ஆனால் வீவக வீட்டில் ஒரு அறை எடுத்தாலும் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீடு என்றால் மூணு மாதம். அதனால் முதல் சில வாரங்களுக்கு சர்வீஸ் அபார்ட்மெண்ட் மாதிரி ஏதாவது நிறுவனம் தருமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வாரங்களில் காலை எட்டு மணிக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கிற புளோக்கிலிருந்து ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை மனைவியிடம் சொல்லி இப்போதே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே தங்குவதற்கான பாஸ் கேட்கும்போது 2019 முதல் தொண்டை அடைப்பான், தட்டம்மை ஊசி போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.