எந்தூருங்க என்று யாரும் கேட்கவில்லையே

ஈரோட்டிலிருந்து:

‘லைன் ஆஃப் டியூட்டி’ ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடை இன்னும் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிச் சென்றுவிடுவது நல்லது, ஏனென்றால் அதில் யார் சாகிறார் என்பதைச் சொல்லாமல் என்னால் எதையும் எழுத முடியாது. பிபிசியில் 2019இல் வந்த சீசன் அது. காவல்துறைக்குள்ளேயே விலைபோனவர்களைத் தேடிப் பிடிக்கும் ஏசி-12 என்ற பிரிவைப் பற்றிய தொடர் என்பதால், துரத்தலைவிட மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து நடக்கும் விசாரணைகளே அதில் அதிகம். ஐந்தாவது சீசன் மட்டும் நம்மை நேராகக் குற்றக் கும்பலின் பதுங்குமிடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. பறிமுதல் செய்த போதைப்பொருளை ஏற்றிச் செல்லும் காவல் வாகனங்களை வழிமறித்து மூன்று காவலர்களைக் கொன்ற அந்தக் கும்பலில் ஒருவர் உளவு பார்க்க வந்த காவல் அதிகாரி. அவர் லிசா மெக்வீன் என்ற பெண்தான் என்று முதல் எபிசோட் முழுவதும் நம்மை எண்ண வைத்துவிட்டு, முடியப்போகும் நேரத்தில் அது ஜான் கார்பெட் என்று காட்டுகிறார்கள். ஸ்டீபன் கிரஹாம் நடித்த அந்தக் கார்பெட்டை, ஆறு எபிசோடுகளில் நான்காவதிலேயே கும்பல் கழுத்தை அறுத்துக் கொன்றுவிடுகிறது.

நாங்கள் பார்த்த அன்று வீட்டில் என் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் மகள் ஒவ்வொரு காட்சியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கார்பெட்டின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது என்று தெரிந்த இடத்திலிருந்து நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம், மகள் மொழிபெயர்ப்பதையும் மறந்துவிட்டாள். கொலை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, இத்தன நாளா கூடவே உண்டு உறங்கி இருக்கறான், ஒருத்தன்கூட எந்தூரு, யாரு ஊட்டுப் பையன், எந்தக் கோயிலுன்னு கேக்கவே இல்லியா?”

முதலில் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால், தொடரின் எழுத்தாளர் ஜெட் மெர்குரியோவுக்குத் தேவைப்படாத ஒரு சிக்கலை அம்மா ஒரே கேள்வியில் தொட்டுவிட்டதாகத் தோன்றியது. மஞ்சள் மண்டியில் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் ஊர், தோட்டம், பெண் எடுத்த இடம், குலதெய்வம் எல்லாவற்றையும் எதிரில் இருப்பவர் வாங்கிவிடும் நம் சீமையில், பொய்ப் பெயரோடு ஒருவன் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பானா? தன்னை மறைத்துக்கொண்டு ஓரிடத்தில் இருக்க நேர்ந்தவர்களும், அப்படி மறைந்திருந்த ஒருவரோடு பழகியவர்களும் இந்த எபிசோடை எப்படிப் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பல்லடத்திலிருந்து:

ராத்திரி ஷிப்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே, வசனம் காதில் விழாமல், எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு கைபேசியில் பார்த்தவன் நான். எல்லோரும் கார்பெட்டுக்காக வருந்துகிறார்கள். எனக்கு அவ்வளவாக வருத்தம் வரவில்லை. ஏசி-12இன் தலைவர் ஹேஸ்டிங்ஸின் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு பாவமும் அறியாத அவருடைய மனைவியை வதைத்தவர் கார்பெட். வேடம் போட்டவன் வேடமாகவே மாறிவிட்ட பிறகு அவனைக் காவல்காரன் என்று எப்படி நம்புவது என்பதுதான் அந்த எபிசோட் என்னிடம் கேட்ட கேள்வி. மற்றபடி எனக்கு அனுபவம் எதுவும் இல்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

அம்மா கேட்ட கேள்வியை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரு மேசையின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாநில அரசின் ஒரு துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லஞ்ச ஒழிப்புத் துறையினர் பொறி வைக்கும்போது, வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு துறை ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக அழைத்துக்கொள்வது வழக்கம். ஒருவர் அதிகாரிகளோடு வெளியே நிற்பார், மற்றவர் புகார் கொடுத்தவரோடு உள்ளே போவார். மேலதிகாரியின் உத்தரவோடு போய்ச் சேர்ந்த எனக்கு உள்ளே போகும் வேலை விழுந்தது. புகார் கொடுத்தவர் பட்டா மாறுதலுக்காக நடந்து சலித்த ஒரு விவசாயி.

புறப்படுவதற்கு முன் செய்துகாட்டியதை இன்றும் மறக்கவில்லை. பினாப்தலீன் பொடி தடவிய நோட்டைத் தொட்ட விரல்களை ஒரு காவலர் சோடியம் கார்பனேட் கரைசல் இருந்த கண்ணாடி டம்ளரில் நனைத்தார். அதுவரை வெறும் தண்ணீராகத் தெரிந்த கரைசல் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியது. நோட்டு எண்களை மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பதிவில், எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, எங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். விவசாயியின் சட்டைப் பையில் இருந்த வெற்றிலை, பஸ் டிக்கெட் முதற்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பொடி தடவிய நோட்டுகளை மட்டும் வைத்தார்கள். அந்த அலுவலக அதிகாரி தானாகக் கேட்டால் ஒழியப் பணத்தை நீட்டக் கூடாது, யாருக்கும் கை கொடுக்கக் கூடாது, பணம் கை மாறியதும் தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும், அதுதான் அடையாளம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னை விவசாயியின் மச்சினன் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். மற்ற எதிலும் பொய் வேண்டாம், கேட்டால் உண்மையான ஊரையே சொல்லுங்கள், சொன்ன பொய்யை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்பது ஆய்வாளரின் யோசனை.

அந்த யோசனைதான் எங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது என்று சொல்ல வேண்டும். உள்ளே இருந்தவர் மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டு, “நீங்க எந்தூருங்க?” என்று என்னைக் கேட்டார். ஊரைச் சொன்னேன். “அங்க யாரு தோட்டத்துப் பக்கமுங்க? எங்க சின்னம்மாள அந்த ஊருக்குத்தானுங்களே குடுத்திருக்குது” என்றார். அவருடைய சின்னம்மாள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து தோட்டம் தள்ளி இருக்கிறது. அவர்களுடைய வீட்டு விசேஷங்களில் பந்திக்கு நின்றவன் நான். பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு வந்திருந்தீர்களா என்று அவர் அடுத்ததாகக் கேட்டபோது, இன்னும் இரண்டு கேள்விகளுக்குள் நான் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பது வெளிவந்துவிடும் என்று தெரிந்துவிட்டது.

அதே நேரத்தில் விவசாயிக்கு வியர்த்துக் கொட்டியது. நெற்றியிலிருந்து வழிந்து புருவத்தில் நின்ற வியர்வையைத் துடைக்க அவருடைய வலது கை தன்போக்கில் துண்டை நோக்கிப் போனதைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக அதை வெளியே இருப்பவர்கள் பார்த்தால் அடுத்த நிமிடம் கதவு திறக்கும். பணம் பையிலேயே இருக்கும். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, “மச்சான், அந்தக் கிரயப் பத்திர நகல எடுங்க, அய்யாகிட்டக் காட்டலாம்” என்றேன். அவர் விழித்தார், பிறகு புரிந்துகொண்டு மஞ்சப்பையைத் துழாவினார். காகிதத்தைப் பார்த்ததும் அந்த அதிகாரிக்கும் வேலை நினைவு வந்துவிட்டது. சின்னம்மாள் பேச்சு நின்றது. மேசை இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு, “சொன்னது கொண்டாந்தீங்களா?” என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்தவை பத்திரிகையில் வாரம் தவறாமல் நீங்கள் படிப்பவைதான். இரண்டு கைகளையும் தனித்தனி டம்ளரில் நனைத்தார்கள், இரண்டும் நிறம் மாறின, பாட்டிலில் ஊற்றி அரக்கு முத்திரை வைத்து எங்கள் கையெழுத்திட்ட சீட்டை ஒட்டினார்கள். அவர் ஆய்வாளரிடம் எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்து மட்டும், “நீங்க நம்ம பக்கத்து ஆளாச்சேங்க” என்றார்.

கார்பெட் சாகும் காட்சியில் பலருக்கும் கத்தி நினைவில் நிற்கும். அந்தத் தொடரைப் பார்க்கும்போது நான் கைகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கும்பலோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் காட்சிகளில்கூட அந்த நடிகர் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பார்த்தேன். வாய் ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிடும், கை சொன்னபடி கேட்காது.

திருப்பூரிலிருந்து:

கோபியில் இருந்து எழுதிய அய்யா மறைத்தவர், நான் மறைக்கப்பட்டவள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் மேசைக்கு ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்றால் எங்கள் கம்பெனியில் என்ன நடக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும், பூட்டியே கிடக்கும் அவசர வழி திறக்கும், ஓ.டி. எத்தனை மணி நேரம் என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார், சம்பளப் பதிவேடு இரண்டாக இருக்கும். இதையெல்லாம் அந்தப் பெண் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொள்வாள். பிஎஃப் பிடிக்கிறார்களா, பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டுமா என்று சின்னச் சின்னதாகக் கேட்பாள். என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டாள், ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள், என் மாமியாரின் மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்கி வந்து கொடுத்தாள்.

ஒருநாள் அவள் வரவில்லை. வேலை நிலைமை பற்றித் தகவல் திரட்ட வந்தவள் அவள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நல்லதே நடந்தது என்பதை மறுக்க மாட்டேன். அவசர வழிக் கதவின் பூட்டு கழன்றது, ஓ.டி.க்குச் சீட்டு வந்தது. ஆனால் யார் பேசியது என்ற விசாரணை எங்கள் மேசைக்குத்தான் வந்ததே தவிர, அவளைத் தேடி யாரும் போகவில்லை.

அதனால் அந்த எபிசோடில் நான் பார்த்தது லிசா மெக்வீனை. கார்பெட்டோடு கூட இருந்தவள் அவள், நம்பியவள். அவள் குற்றவாளிதான், என்னை அவளோடு ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. என்றாலும், கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் வேறு ஒருவர் என்று தெரியவரும்போது ஒரு பெண்ணின் முகம் எப்படிப் போகும் என்பதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் என்னைப் பற்றி எழுதியிருந்தால் அதில் என் பெயர் என்னவாக மாற்றப்பட்டிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

கோவையிலிருந்து:

வழக்கறிஞராக இரண்டு பதிவுகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். திருப்பூர் சகோதரி சொன்ன அந்த வலி கற்பனைத் தொடர்களுக்கு வெளியே பெரிய வழக்காகவே வளர்ந்திருக்கிறது. லண்டன் மாநகரக் காவல்துறையின் ஒரு ரகசியப் பிரிவு 1968 முதல் 2008 வரை போராட்டக் குழுக்களுக்குள் தன் ஆட்களை வைத்திருந்தது. அவர்களில் சிலர் பொய்ப் பெயரிலேயே அந்தக் குழுக்களின் பெண்களோடு ஆண்டுக்கணக்கில் உறவு வைத்திருந்தது அம்பலமானதை அடுத்து, 2015இல் பிரிட்டன் அரசு பொது விசாரணை அமைத்தது. ‘லைன் ஆஃப் டியூட்டி’ ஐந்தாவது சீசன் வந்தபோது அந்த விசாரணை முடியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பல்லடத்து நண்பர் கேட்ட கேள்வி அந்த நாட்டுப் பார்வையாளர்களுக்கு இன்னும் கூர்மையாகவே பட்டிருக்கும்.

கோபி அய்யா பிடித்த அந்த மணிக்கட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணம் கைப்பற்றப்பட்டது மட்டும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் ஏழாவது பிரிவுக்குப் போதாது; இப்படிப்பட்ட வழக்கில் அந்த அதிகாரி கேட்டார் என்பது நிரூபிக்கப்பட வேண்டும். புகார்தாரர் முன்கூட்டியே முகத்தைத் துடைத்திருந்தால் கேட்டதற்கு ஆதாரமே இருந்திருக்காது, மகஜர் இருந்தும் வழக்கு படுத்திருக்கும். நீதிமன்றத்தில் புகார்தாரர் பிறழ் சாட்சியாகிவிடுவது இந்த வழக்குகளில் அடிக்கடி நடப்பதுதான். அப்படி ஆனாலும் மற்ற சாட்சிகளையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கொண்டு கேட்டதை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் தெளிவுபடுத்தியது. உள்ளே உட்கார்ந்திருந்த சாட்சியின் எடை அதனால்தான் இவ்வளவு. தொலைக்காட்சியில் கதவு உடைந்ததும் கதை முடிந்துவிடுகிறது. இங்கே அப்போதுதான் தொடங்குகிறது. குறுக்கு விசாரணை எப்படிப் போயிற்று என்று அய்யா சொன்னால் நன்றாக இருக்கும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

சொல்கிறேன். அழைப்பாணை வருவதற்கே ஆண்டுகள் ஆகிவிட்டன. மகஜரைத் திரும்பப் படித்துக் காட்டியிருக்காவிட்டால் எந்தக் கை முதலில் நனைந்தது என்பதுகூட எனக்கு நினைவில் இருந்திருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பொடியைப் பற்றியோ கரைசலைப் பற்றியோ அதிகம் கேட்கவில்லை. அந்தச் சின்னம்மாளைத்தான் பிடித்துக்கொண்டார். அவர்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் வாய்க்கால் தண்ணீர் முறையில் தகராறு உண்டா, அந்தப் பகையை வைத்துக்கொண்டுதான் மச்சினன் வேடம் போட்டு வந்தீர்களா என்று கேட்டார். தகராறு இல்லை, விசேஷத்துக்குப் போய்வரும் பழக்கம்தான் இருந்தது என்று சொன்னேன். அப்படிப் பழக்கம் இருந்தும் அவரை முன்கூட்டியே அடையாளம் தெரியவில்லையா என்றார். அவர் சின்னம்மாள் வீட்டுக்கு வந்துபோகிறவர் என்பது அவர் வாயால் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும் என்றேன். விவசாயி கடைசிவரை பிறழவில்லை, தண்டனை ஆனது, மேல்முறையீடும் போனது. சின்னம்மாள் வீட்டில் அதன் பிறகு இரண்டு கல்யாணம் நடந்தது. ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார்கள், எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள்.