ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே: ஊர்ப் பேச்சுக்குத் தக்க சரக்கு உள்ளுக்க இருக்கோ?

வெள்ளவத்தைக் காத்து:
ஈ. எல். ஜேம்ஸின்ர இந்த ஆங்கிலக் காதல் நாவலில வாற அந்த ஹாட்வெயார் கடைக் கட்டம் இன்னும் மனசை விட்டுப் போகேல்லை. கதாநாயகி அனஸ்தேஷியா கல்லாவில நிக்கிறா. நாயகன் கிறே வந்து கேபிள் டை, மாஸ்கிங் டேப், கயிறு எண்டு ஒண்டொண்டாக் கேக்கிறார். கயிறு 5 யார். அவ அளந்து வெட்டிச் சுத்திக் குடுக்கிறா. கொழும்புப் பழைய சோனகத் தெருவில எந்தக் கடையிலயும் கிடக்கிற சாமான்தான். எதுக்கெண்டு அவவுக்கு விளங்கேல்லை, வாசிக்கிற எங்களுக்கு விளங்குது. ஒருத்தரை ஒருத்தர் தொடாமலே சூடேறுற கட்டம் அது. முதல் படுக்கைக் காட்சிக்கு 8ஆம் அத்தியாயம் வரை இருக்கோணும். அதுக்குப் பிறகு 26 வரைக்கும் அதே உதடு கடிக்கிறது, அதே முகம் சிவக்கிறது. மூண்டு பாகமும் சேர்ந்து 2014க்குள்ள 10 கோடிக்கு மேல வித்த கதைக்கு இது காணாது.

பழந்தாள்:
அது அப்படித் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. இது முதலில் நாவலே இல்லை. ட்வைலைட் என்ற இரத்தக்காட்டேரிக் காதல் கதையின் எட்வர்ட், பெல்லாவை வைத்து இணையத்தில் ரசிகர்களுக்காகத் துண்டு துண்டாக எழுதிய தொடர். பெயர்களை மாற்றி 2011இல் ஒரு சிறிய அவுஸ்திரேலியப் பதிப்பகம் மின்னூலாகவும் கேட்டால் அச்சடித்துத் தருகிற பிரதியாகவும் போட்டது. 2012இல்தான் விண்டேஜ் என்ற பெரிய பதிப்பகம் எடுத்தது. வீரகேசரி வாரவெளியீட்டில் தொடர் வாசித்தவர்களுக்குத் தெரியும்: இடைவெளி விட்டு வருகிற வாசகருக்கு ஆளை ஞாபகப்படுத்த ஓர் அடையாளம் தேவை. உதடு கடிப்பது அந்த அடையாளம். ஒரே மூச்சில் வாசித்தால் அது தெவிட்டும். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வாசியுங்கள், பாதிக் குறை மறையும்.

மஞ்சள்குருவி:
பழந்தாள் அண்ணா, நடையைப் பற்றியே கதைக்கிறீங்கள். 11ஆம் அத்தியாயத்தில, படுக்கையில கட்டுறது அடிக்கிறது பற்றி கிறே நீட்டுற ஒப்பந்தத்தை விட்டிட்டீங்கள். எது ஏலும், எது ஏலாது எண்டு பட்டியல். நிப்பாட்ட ரெண்டு சொல்லு: மஞ்சள் எண்டால் எல்லை கிட்டுது, சிவப்பு எண்டால் உடன நிப்பாட்டு. அனஸ்தேஷியா ஒவ்வொரு வரியா வெட்டிக் கொத்தி ஈமெயிலில மல்லுக்கட்டுறா, கடைசி வரை கையெழுத்துப் போடேல்லை. புத்தகத்தில உயிரிருக்கிற இடம் அந்த ஈமெயில்கள்தான். ஆனால் முடிவில கிறேயின்ர பெல்ட்டால 6 அடி. எவ்வளவு மோசமாப் போகும் எண்டு காட்டச் சொன்னதும் அவதான், அடியை எண்ணினதும் அவதான். சிவப்பு எண்ட சொல்லு வாய்க்கு வரேல்லை. இவ்வளவு பாடுபட்டுப் பேசின சொல்லு தேவையான நேரத்தில ஏன் வரேல்லை எண்டு எழுத்தாளர் ஆழமா இறங்கியிருந்தால் இது வேற புத்தகம். அதுதான் எனக்கு அரிக்குது.

கடைக்காரன்:
காத்து அக்கா சொன்ன கேபிள் டை விசயத்தில ஒண்டு சொல்லோணும், ஒருத்தரும் கேக்கேல்லை எண்டாலும். கதையைப் பாத்து அதை ஒருத்தரும் கையில மாட்டாதேங்கோ. அந்தப் பட்டியின்ர பல்லு ஒரு பக்கத்துக்குத்தான் ஓடும். இழுத்தால் இறுகும், தானாத் தளராது. அகலம் சில மில்லிமீற்றர், விளிம்பு கூர். கை முறுகினால் முழுப் பாரமும் மணிக்கட்டு நரம்பில அந்த ஒரு கோட்டில விழும். விறைப்பு, நீலம், சில வேளை நாள்க்கணக்கா மரத்துப் போறது. மாஸ்கிங் டேப்பைத் தோலில ஒட்டி இழுத்தால் மேல்தோல் உரியும். மெல்லிசுக் கயிறும் ஆபத்துத்தான். அகலமான பருத்தித் துணி எடுத்து, துணிக்கும் தோலுக்கும் இடையில ரெண்டு விரல் போற அளவுக்குக் கட்டோணும், மூட்டில படக்கூடாது. கழுத்துக்குக் கிட்டவும் வேண்டாம். நுனி மழுங்கின கத்தரிக்கோல் கைக்கெட்டின தூரத்தில இருக்கோணும். கட்டின ஆளைத் தனிய விட்டிட்டு அடுத்த அறைக்கும் போகக்கூடாது. விரலை ஆட்டச் சொல்லிச் சொல்லிப் பாருங்கோ. விரல் கூசுது, மரக்குது எண்டால் அவிழ்க்கிறதில்லை, வெட்டுறது. புத்தகத்தைப் பற்றி: பாதியில வைச்சிட்டன்.

வெள்ளவத்தைக் காத்து:
நன்றி தம்பி, அந்தக் கண்ணோட்டத்தில பாக்கேல்லை.

உமா_கொழும்பு6:
தமிழில் யாராவது கொண்டுவந்தால் எங்கே இடறும் தெரியுமா? அனஸ்தேஷியாவுக்குள்ளே ஒரு தேவி இருக்கிறாள், சந்தோசம் வந்தால் சல்சா ஆடுவாள். அப்படியே 'உள்தேவி' என்று போட்டால் எங்கள் காதில் மயூரபதி அம்மன்தான் வந்து நிற்பா, ஆசையெல்லாம் ஓடிவிடும். 'உள்ளே ஒருத்தி' என்று மட்டும் விட்டால் நிற்கும். ஆழ்மனசையும் தனி ஆளாக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் முறைக்க விட்டிருக்கிறார். அது எங்கள் ஊர் ரீச்சரேதான், அப்படியே தமிழுக்கு வரும்.

வாங்குவதென்றால் புதுப் பிரதிக்குக் காசு கொட்ட வேண்டாம். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். கள்ளப் பிரதியென்றால் எழுத்தின் ஓரம் மை பரவியிருக்கும், முதுகை விரித்தால் பசை வெடிக்கும். பக்க இலக்கத்தை ஓட்டிப் பாருங்கள்: தவறினால் பெரும்பாலும் ஒரு தாளாகத் தவறாது, பல பக்கம் சேர்ந்தே போயிருக்கும். கடைசித் தாளையும் பாருங்கள். காற்றுப் போன பலூனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் அழ வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.