ரசமட்டம் சரி, படம் கோணல்: உங்கள் வீட்டிலும் இப்படி ஆனதா?

முத்தியால்பேட்டைவாசி
போன தையில் நடந்தது, கூடத்தில் உட்காரும்போதெல்லாம் இன்னும் உறுத்துகிறது. பழைய வீடு, சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்கு உத்தரம். ஒரு தஞ்சாவூர் ஓவியம், நான்கு சின்னப் படங்கள், எல்லாவற்றுக்கும் நியூஸ்பேப்பர் வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்து, நடுமையம் தரையிலிருந்து 57 அங்குலம் என்று பென்சில் கோடு போட்டுத்தான் மாட்டினேன். ரசமட்டத்தில் குமிழி நட்ட நடுவில் நிற்கிறது, ஆனால் தஞ்சாவூர் இடப்பக்கம் இறங்கித் தெரிகிறது! கொத்தனார் திண்ணையிலிருந்தே ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "மட்டம் சரிதான் சார், உங்க உத்தரந்தான் கோணல்" என்றார். விரல் வைத்து அளந்தேன். உத்தரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இடப்பக்கம் ஏழு விரல், வலப்பக்கம் ஐந்து. கடைசியில் உத்தரத்தோடு சாய்த்தே மாட்டிவிட்டேன். பார்க்க நேராக இருக்கிறது, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கடலூர் ஓ.டி.
57 அங்குலம் கண்காட்சிக் கூடத்துக்குச் சரி, அங்கே நின்று பார்ப்பார்கள். வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டுதானே பார்க்கிறோம், நாலைந்து அங்குலம் இறக்குங்கள். அந்த நடுமையமும் படத்துக்குப் படம் இல்லை, ஐந்தையும் சேர்த்து ஒரே படமாக நினைத்துக்கொண்டு அதற்கு எடுக்க வேண்டும். இடைவெளி இரண்டு மூன்று அங்குலம் போதும். தஞ்சாவூர் கனமாகத் தெரியும், அதனால் அது ஒரு பக்கம் என்றால் சின்னதுகளை மறுபக்கம் கூட்டமாகப் போடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் கான்கிரீட் ஆணி அடித்தால் பூச்சு பொத்தென்று பெயரும். டிரில் மெஷினில் ஹேமர் மோடு (தட்டிக்கொண்டே துளைப்பது) போடாமல் மெதுவாக டிரில் செய்து, செங்கல் வரை போகிற, ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் நீள பிளக் போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, அதுவும் ஒன்றல்ல, தள்ளித் தள்ளி இரண்டு. என் வீட்டில் ஒரே ஆணிதான் இருந்தது, உப்புக்காற்றில் துருப்பிடித்து ராத்திரி மூன்று மணிக்கு முறிந்தது. கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் திருடன் என்று நினைத்து உலக்கையோடு ஓடி வந்தேன்.

லாஸ்பேட்டை மருமகன்
யாரும் கேட்காமலே இவ்வளவா அண்ணே! என் கதை வேறு. தாத்தா பாட்டி படங்கள் விட்டத்தையொட்டி முன்பக்கம் சாய்ந்து தொங்குமே, அதை "பேலன்ஸ்" என்று கண்மட்டத்துக்கு இறக்கினேன். கோயிலிலிருந்து வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்று, மாமனார் நேரில் வந்துவிட்டதைப் போல முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். "பெரியவங்களை எதுக்குடா கீழ இறக்கின?" மறுநாளே ஏணி போட்டு ஏற்றிவிட்டேன். கீழே நாலு ஓட்டை பல்லிளிக்கிறது, என்ன வைத்துப் பூசுவது?