இருள் தகவமைப்பா, இருளிசைவா?

நண்பர்களுக்கு வணக்கம். அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் நீங்கள் வைத்த பரிந்துரைகளுக்கு இது என் பதில்.

வெளிச்சம் போனதும் கண் மெல்ல மெல்ல இருட்டில் பார்க்கத் தொடங்குவதே 'டார்க் அடாப்டேஷன்'. அதை 'இருள் தகவமைப்பு' என்று எழுதுவதை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. தகவமைப்பு என்றதும் மாணவருக்கு ஒட்டகத்தின் திமில்தான் நினைவுக்கு வரும். அது எண்ணற்ற தலைமுறைகளில் உருவானது. இதுவோ விளக்கு அணைந்து ஏறக்குறைய 30 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் சன்னல் சட்டம், பிறகு நாற்காலியின் விளிம்பு, நிறமில்லாமல்.

'இருட்பழகல்' என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. "இருட்டு கண்ணுக்குப் பழகிடுச்சு" என்றுதானே பேசுகிறோம்! ஆனாலும் விழித்திரைக்குள் நடப்பதற்கு அந்தச் சொல் போதவில்லை. மங்கலான ஒளியை உணரும் கோல் செல்களில், ஒளியை உறிஞ்சும் நிறமியான ரோடாப்சின் மீண்டும் சேர்வது ஒரு பெரிய பங்கு. அதோடு செல்களுக்கு இடையிலான இணைப்புகளும் மாறுகின்றன. வெளிச்சம் பட்டால் விழித்திரையின் இடைநரம்பு செல்களான அமக்ரைன் செல்களில் ஒரு வகை, டோப்பமைன் என்னும் சைகை வேதிப்பொருளை வெளிவிடுகிறது. அது ஒரு சினாப்சோடு, அதாவது இரு நரம்பு செல்கள் சந்திக்கும் ஒரே இடத்தோடு, நிற்காமல் சுற்றிலும் பரவி, கோல் செல்லுக்கும், பகலொளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்லுக்கும் நடுவே உள்ள மின் இணைப்பைக் குறைக்கிறது. கூம்புகளின் சைகை கலப்பில்லாமல் போகிறது. இரவில் மெலடோனின் என்ற இயக்குநீர் கூடி டோப்பமைன் குறையும்போது அந்த இணைப்பு வலுக்கிறது. மங்கலான ஒளியில் கோல்கள் பிடித்தது கூம்புகளின் வழியாகவும் செல்கிறது.

இது வெறுமனே பழகிப்போவது அல்ல. நரம்புக் கருவியை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி கூட்டுவதைப் போன்ற வேலை. அதனால் 'ஒளியிசைவு', 'இருளிசைவு' என்ற இணையை முன்வைக்கிறேன். வினையாகவும் தடங்கலின்றி வருகிறது: "விழித்திரை இருளுக்கு இசைகிறது." 'ஏற்பமைவு' வேண்டாம், விழிலென்சு குவியத்தை மாற்றுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

டோப்பமைனை அப்படியே வைத்துக்கொள்வோம். 'அமக்ரைன்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நீண்ட இழை இல்லாதது என்ற பொருளில் நரம்பியல் அறிஞர் ரமோன் இ கஹால் வைத்த பெயர் அது. அதனால் 'நீளிழையிலிச் செல்' என்று ஆக்கலாம் என்றீர்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டோப்பமைன் வெளிவிடும் அமக்ரைன் செல்களுக்கு ஆக்சான் (நரம்பு செல்லிலிருந்து சைகையைக் கொண்டுசெல்லும் இழை) போன்ற நீண்ட இழைகள் உண்டு. நாம் பேசும் அதே செல்லுக்குப் பெயர் பொய்யாகிவிடும். அமக்ரைன் என்றே இருக்கட்டும்.