நீற்றுப்பெட்டி பின்னியபோது கேட்ட கதை

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் உள்ள ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் பெண்களின் கதைகளைப் பதிவு செய்ய ஓராண்டு போய்வந்தேன். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியதே, அதற்கு அடுத்த ஆண்டு.

முதல் நாளே தவறு செய்தேன். அங்கிருந்த ஓர் அம்மாவிடம், "எப்போது வந்தீர்கள் அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"1990 ஆகஸ்டு. மன்னார் பேசாலையிலிருந்து வள்ளம். ஆறு பேர். முதலில் மண்டபம் முகாம், பிறகு இங்கே."

மூச்சு விடாமல் வந்தது பதில். முப்பது ஆண்டுகளாக அதிகாரிகளிடம் ஒப்பித்து ஒப்பித்துத் தேய்ந்துபோன வாக்குமூலம். அதில் அவர் இல்லை.

நோட்டை மூடிவிட்டேன். அடுத்த வாரம் போனபோது பனை ஓலையில் நீற்றுப்பெட்டி பின்னிக்கொண்டிருந்தார். பிட்டு அவிக்க அதுதான் வேண்டுமாம், குழலில் அவித்தால் பிட்டே இல்லையாம். எனக்கும் கற்றுத்தாருங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னியபடியே பேசினார். கடல் கடந்த இரவு நான்கு வரியில் முடிந்துவிட்டது. படகோட்டி மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான், விடியும்வரை நின்றார்கள், மீன்பிடிக்க வந்தவர்கள் ஏற்றிவந்தார்கள். நான் தேடிப் போன கதை அதுதான். அவர் சொல்ல விரும்பியதோ வேறு.

சில ஆண்டுகள் கழித்து மூத்த மகள் பெரியபிள்ளையானாள். 10க்கு 10 அடி வீடு, நடுவில் கட்டிய சேலைதான் சுவர். அதற்குள் அப்பா, மாமா, இரண்டு தம்பிகள். பிள்ளையை எங்கே இருத்துவது? அதுவரை தண்ணீர்க் குழாயடியில் சண்டை மட்டுமே போட்டிருந்த பக்கத்து வீட்டுத் திருகோணமலை அக்கா, தன் வீட்டு ஆண்களை வேப்பமரத்தடிக்குப் படுக்க அனுப்பிவிட்டு வீட்டை ஒழித்துக் கொடுத்தாராம். "ஊரில் எனக்கு நான்கு அறை வீடு, தங்கச்சி. ஆனால் அந்த அக்கா ஊரில் இல்லையே" என்றார். கடலைப் பற்றிச் சொன்னபோது கலங்காத கண் அப்போது கலங்கியது.

பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. அவர் இந்த மண்ணில் குடியேறியது அந்த வாரத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். படகுக்குக் கொடுத்த நகையைப் பற்றிய பகுதி வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். பிறகு ஒரு திருத்தம் சொன்னார். "ஒன்பது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு நாள்தான். எட்டாம் நாள் நல்ல மழை. ஆண்களும் உள்ளே வந்துவிட்டார்கள்."